பழைய எண்ணே நீடிக்கும்

இணை இயக்குநர் ‘உலகத் தரம்’ என்று சொல்வது இதோடு ஆறாவது தடவை. முதல் தடவை காரிலிருந்து இறங்கி எங்கள் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தின் கை கழுவும் தொட்டியைப் பார்த்துச் சொன்னார், அது கேலி. மற்ற ஐந்தும் கேலி இல்லை, அவற்றை அவர் நம்புகிறார். உலகத்தில் எல்லா நாடுகளும் தொழில்களுக்கு ஒரே மாதிரி எண் போடப்போகின்றன, நாமும் போடப்போகிறோம், இனிமேல் நம் மாவட்டத்துச் செங்கல் சூளையையும் வேறு எந்தக் கண்டத்துச் செங்கல் சூளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். பார்க்கப்போகிறவர் யார் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. திரை கிடைக்காமல் சுவரில் ஒரு வேட்டியைக் கட்டியிருக்கிறார்கள், படத்துக்குக் கீழே வேட்டியின் பச்சைக் கரை ஓடுகிறது, உலகத் தரத்துக்குக் கரை போட்டது மாதிரி. எனக்கு இந்தக் கூட்டத்தில் வேலை கிடையாது. நான் தபால் சீட். வருகிற கடிதத்துக்கு உள்வரவு எண், போகிற கடிதத்துக்கு அனுப்புகை எண், பசை, உறை, முத்திரை, அவ்வளவுதான். ‘அனைத்துப் பணியாளர்களும் தவறாமல்’ என்று சுற்றறிக்கையில் இருந்ததால் கதவோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சுற்றறிக்கையைப் பிரித்து எண் போட்டவளும் நான்தான். கடைசிப் பத்தியில் இரண்டு வாக்கியம் இருந்தது, அதைப் பிரித்த அன்றைக்கே மனப்பாடம் செய்துகொண்டேன். ஏதேனும் ஒரு வரியின் மீது ஆட்சேபணை எழுந்தால் அவ்வரி குறித்து எழுத்து மூலம் விளக்கம் கோரப்பட வேண்டும். விளக்கம் வரப்பெறும் வரை பழைய எண்ணே நீடிக்கும். ஆட்சேபணை. எட்டாம் வகுப்பு வரை படித்த என் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை. காலையிலிருந்து உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு இடத்தில் நாக்கு இடறுகிறது.

நாதமுனி வாசிக்கிறார். அவர் கோடு சீட், அதாவது எந்தத் தொழிலுக்கு எந்த எண் என்று போடுகிற மேசை அவருடையது. மொத்தம் எண்பத்தெட்டு வரிகள். வரி எண், தொழிலின் பெயர், பழைய எண், புதிய எண், பிறகு தலையைத் தூக்காமல் ‘ஆட்சேபணை உண்டா, இல்லை, ஏற்கப்பட்டது’ என்று ஒரே மூச்சில். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு ஈ நுழைய முடியாது. பஜனையில் கூடப் பின்பாட்டுக்காரனுக்கு மூச்சு விட இடம் கொடுப்பார்கள். நாதமுனி எப்படி எண் போட்டார் என்பது இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பழைய எண் ஒன்று புதிய பட்டியலில் இரண்டாக, மூன்றாகப் பிரிந்தால் எந்தப் பக்கம் தள்ளுவது என்று ஒவ்வொரு பட்டறைக்கும் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது போன் போட்டாவது கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. முதல் வரியைப் போடுவதுதான் வழக்கம். மூன்று இருந்தால் மேலே இருப்பது, இரண்டு இருந்தாலும் மேலே இருப்பது. ‘முதல் வரி போட்டா மேலேர்ந்து கேள்வி வராதுக்கா’ என்று நாதமுனியே ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார், ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுப்பது மாதிரி. பட்டியலில் மேலே இருப்பது எப்போதும் விவசாயம். உலகம் விவசாயத்தில் ஆரம்பித்தது என்று எண் போட்டவர்கள் நினைத்திருக்கிறார்கள், அதனால் சின்ன எண்களெல்லாம் விவசாயத்துக்கு. அதனால் எங்கள் மாவட்டத்தில் பிரிந்த தொழிலில் பாதி இன்று பிற்பகல் விவசாயம் ஆகிக்கொண்டிருக்கிறது. தேங்காய் நார் பிரிப்பது விவசாயம். புளி தட்டுவது விவசாயம். ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது. முந்திரிக் கொட்டை உடைப்பது அறுபத்து மூன்றாவது வரி. இதுவரை அது உணவுப் பொருள் உற்பத்தி, ஆலைத் தொழில். புதிய பட்டியலில் சொந்தக் கொட்டையை வறுத்து உடைத்தால் உற்பத்தி, அடுத்தவன் கொட்டையைக் கூலிக்கு உடைத்தால் ‘அறுவடைக்குப் பிந்தைய விவசாயப் பணி’. எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனி சொந்தக் கொட்டையை உடைக்கிறது. எல்லாம் வியாபாரி கொண்டுவந்து கொட்டுகிற மூட்டை. இப்போது வாசிப்பது நாற்பத்தொன்று. இன்னும் நேரம் இருக்கிறது. நேரம் இருப்பதுதான் கெடுதல், உள்ளங்கை வேர்க்கிறது, முந்தானையில் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

கொளஞ்சியின் கை வேர்க்காது. என் தங்கையின் உள்ளங்கையில் வேர்வை வருகிற துவாரங்களெல்லாம் எப்போதோ அடைத்துவிட்டன. முந்திரி ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது, கறுப்பாக, பசை மாதிரி, பட்ட இடத்தில் தோல் வெந்து கழன்று வரும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உடைப்பார்கள், எதைத் தடவினாலும் அது உள்ளே போகும். வலது கட்டை விரலில் நகத்துக்குக் கீழே புண் பிடித்து, ஆறாமல், இப்போது விரல் கத்தரிக்காய்க் காம்பு நிறத்தில் இருக்கிறது. பெரியாஸ்பத்திரி டாக்டர் தினமும் வந்து கட்டு மாற்று என்றார், மாற்றாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போனால் அன்றைக்கு வேலை இல்லை, வேலைக்கு வராதவளுக்கு மறுநாள் உட்கார இடம் இல்லை. கட்டை விரல் போனால் எந்த நாளும் இடம் இல்லை, கொட்டையை அந்த விரலால்தான் பிடிக்க வேண்டும். கம்பெனிக்கு எதிரிலேயே மருந்தகம் கட்டி வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் மருந்தகம், நீலப் பெயிண்ட், உள்ளே ஒரு கட்டில் கூட வந்துவிட்டது, நர்சுக்கு மேசை வந்துவிட்டது, வெளியே பூட்டு. ஒன்றியத்தில் ஆலைத் தொழிலாளர் இத்தனை ஆயிரத்துக்கு மேல் என்று எங்கள் அலுவலகப் புள்ளிவிவர ஏட்டில் அச்சானால் பூட்டைத் திறப்பார்கள். ஏடு இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. முந்திரிக் கம்பெனிப் பெண்கள் ஆலைக் கணக்கில் இருந்தால் எண்ணிக்கை தாண்டும். விவசாயக் கணக்குக்குப் போனால் அந்த ஒன்றியத்தில் ஆலைத் தொழிலாளர் என்று ஒரு ஐஸ் கம்பெனியும் இரண்டு அரிசி மில்லும்தான் மிஞ்சும், நீலக் கட்டிடத்தை வேறு எந்தத் துறையாவது குடோனாக எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ள எப்போதும் ஒரு துறை தயாராக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை முந்திரி உடைக்கிற ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஷெட்டுக்கு வெளியே கிடந்த செருப்புகளை எண்ணினேன், அது என் பழக்கம், எங்கே நின்றாலும் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணி முடிப்பதற்குள் கொளஞ்சி என்னை உள்ளே இழுத்துப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எங்கக்கா கையிலதான் அந்த நம்பரே இருக்கு என்று சொன்னாள். அத்தனை பேரும் கை வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். என் கையில் பசை டப்பாதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லக்கூடத் தைரியம் இல்லாதவள், வாயை மூடிக்கொண்டு ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாற்பத்தொன்பது. கல்யாணப் பந்தல் போடுவது. கட்டுமானமா, வாடகையா என்று இணை இயக்குநர் சிரித்துக்கொண்டே கேட்கிறார், அவருக்கு இப்போதுதான் வேலையில் ருசி தட்டியிருக்கிறது. தலைக்குத் தலை பேசுகிறார்கள். பந்தலுக்கு வாயடிக்க இந்த அலுவலகத்தில் எத்தனை பேர். அவரவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தல்காரன் ஏமாற்றியதெல்லாம் வெளியே வருகிறது, ஒருத்தர் தன் மச்சினன் கல்யாணத்தில் பந்தல் சரிந்து மாப்பிள்ளையின் தலைப்பாகை குழம்பில் விழுந்ததைச் சொல்லி, உலகத் தரம் கொஞ்ச நேரம் தலைப்பாகையைத் தேடுகிறது. கடைசியில் வாடகை, ஏற்கப்பட்டது. பட்டியலின் முடிவில் ஒரு எண் இருக்கிறது, ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவை’. எதிலும் சேராதது எல்லாம் அதில். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இந்த அலுவலகத்தையே ஒரே வரியில் எழுதிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆண்டு முழுதும் மேசையைத் துடைப்பவர் ஒருவர், துடைத்த மேசையில் தூங்குபவர் ஒருவர், தூங்குபவரைப் பற்றிப் புகார் தயாரித்து அனுப்பாமல் வைத்திருப்பவர் ஒருவர். சீட், சீட், சீட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்தில் ஊர் தப்பாக இருந்தது, இது வேறு ஊருக்கல்லவா போகும் என்று மெல்லச் சொன்னேன். அப்போதிருந்த கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, அது உங்க சீட் இல்லம்மா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜாதி சொல்வது மாதிரி சொன்னார், இன்னார் இன்னார் என்று. கடிதம் தப்பான ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது, வந்ததும் நான்தான் உள்வரவு எண் போட்டேன். என் வீட்டுக்காரர் இதே துறையில் ஜீப் ஓட்டினார். அதிகாரி கிழக்கே போ என்றால் கிழக்கே, அங்கே பாலம் உடைந்திருக்கிறது என்று தெரிந்தாலும் கிழக்கே, உடைந்த பாலத்தின் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி நின்று பீடி பற்ற வைப்பார். டிரைவருக்கு எதுக்கு வாய், கண்ணு இருந்தா போதும் என்பார். அவர் போன பிறகு கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை. அவருடைய வேலையைக் கொடுத்தார்களோ இல்லையோ, அவருடைய வாயைக் கொடுத்தார்கள்.

ஐம்பத்து நான்கு, கருவாடு. மீனைக் காயவைப்பது உற்பத்தியாம், வெயில்தான் காயவைக்கிறது, வெயிலுக்கு எண் கேட்கலாம். நாதமுனியின் குரல் தளர்ந்துவிட்டது, தொண்டையில் கபம் உருளுகிறது. என் இரண்டு கால்களும் இப்போதே ஆடுகின்றன. இது பள்ளிக்கூடத்துக் கால். டீச்சர் எழுந்திரு என்றால் எழுந்திருப்பேன், விடை தெரியும், குரல் வராது, வந்தாலும் ஒரு நூல் மாதிரி வரும், பின்வரிசையில் சிரிப்பார்கள். சிரிப்பவர்களை மனதுக்குள் ஒவ்வொருவராக எடுத்துப் பழிப்பேன், இவளுக்குப் பேன், இவளுக்கு மூக்கு ஒழுகுகிறது, இவளுடைய அப்பன் கடன்காரன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த அறையில் ஒருவர் பாக்கி இல்லை என் மனதில். இணை இயக்குநரின் கைக்கடிகாரம் அகலமாக இருக்கிறது, அதை அவர் பார்ப்பதே இல்லை, அடுத்தவர் பார்க்கத்தான். நாதமுனி சட்டைப்பையில் மூன்று பேனா, மூன்றும் அலுவலகத்தது. பேசாதவர்களுக்கு இது ஒன்று மிச்சம், எல்லோரையும் தனக்குக் கீழே உட்கார வைத்து உள்ளுக்குள்ளேயே ஒரு தர்பார் நடத்தலாம். எட்டாவது முடித்த வருஷம் என்னையும் ஷெட்டில் உட்கார வைத்தார்கள். கொளஞ்சிக்கு அப்போது என் இடுப்பு உயரம், அவளுக்குத் தோல் உரிக்கிற வேலை, எனக்கு உடைக்கிற வேலை. மரக்கட்டை, சின்னச் சுத்தி, சாம்பல் கிண்ணம். மேஸ்திரி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான், யார் வாயாவது அசைந்தால் பருப்பைத் தின்கிறாளோ என்று எழுந்து வருவான், வாயைத் திறக்கச் சொல்வான். ஒவ்வொருத்தியாக, ஆ என்று. கொளஞ்சி வாயைத் திறந்ததும் நாக்கை நன்றாக வெளியே நீட்டி அப்படியே வைத்துக்கொண்டாள், அவன் போதும் என்ற பிறகும். முழு ஷெட்டும் சிரித்தது. அன்றைக்கு அவளுக்குக் கூலி இல்லை. எனக்கு உண்டு, நான் சரியான அளவுக்கு வாயைத் திறந்திருந்தேன். பிறகு ஜீப் டிரைவர் மாப்பிள்ளை வந்தார், நான் எழுந்து போனேன், என் கட்டையில் அவள் உட்கார்ந்தாள். இன்னும் அதே வரிசையில்தான் இருக்கிறாள், சுவரிலிருந்து நான்காவது. சுத்தி விழுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று சேராமல், மழை ஆரம்பிக்கும்போது ஓட்டில் விழுவது மாதிரி. எண்ணெய் காயும் வாசனை வருகிறது, காந்தல் வாசனை, தொண்டையைப் பிடிக்கிற, இல்லை, இது வேறு எண்ணெய், இது பஜ்ஜி. கதவைத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்காரர் தட்டோடு வருகிறார், கதவோரம் இருப்பதால் என் முழங்கையில் இடிக்கிறார், நாதமுனி ‘அறுபத்தி ஆறு’ என்கிறார்.

அறுபத்தாறு. போய்விட்டது. அறுபத்து மூன்று என் காதுக்கு வெளியே எங்கேயோ நடந்து போய்விட்டது, நான் மேஸ்திரிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில். மாதக்கணக்கில் இந்த ஒரு வரிக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அது வந்தபோது அடுத்தவன் கைக்கடிகாரத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டு கைமாறுகிறது, வாழைக்காய் பஜ்ஜி, தலைக்கு இரண்டு. நாதமுனி வாசிப்பதை நிறுத்திவிட்டு விரலை எண்ணெயில்லாத காகிதத்தில் துடைக்கிறார், அது பட்டியலின் நகல். நான் எழுந்திருந்ததை முதலில் நானே கவனிக்கவில்லை. நாற்காலி பின்னால் போய் கதவில் முட்டியது, அந்தச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். தண்ணி வேணுமாக்கா என்று யாரோ கேட்டார்கள். சார் என்றேன். நூல் மாதிரிதான் வந்தது. நூல் வந்தால் போதும் என்று இன்னொரு தடவை சார் என்றேன். அந்தச் சொல்லை எவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்தேன், நடுவில் இடறும் என்று தெரிந்தே அதைத் தள்ளிவிட்டு, ‘அறுவத்து மூணுக்குத் திரும்பப் போகணும் சார். முந்திரி. அது விவசாயம் இல்ல’ என்றேன். இணை இயக்குநர் வாயில் பஜ்ஜி இருந்தது. மென்று முடித்தார். ‘நீங்க எந்த சீட்டும்மா?’ என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நாதமுனி முந்திக்கொண்டார், ‘தபால் சீட் சார். அஞ்சலாட்சிக்கு அஞ்சல் சீட்டுன்னு பேர் வெச்சப்பவே முடிவாகிடுச்சு. இப்பக் கோடு சீட்டு மேலயும் ஆசை வந்துடுச்சு போல.’ நன்றாகச் சிரித்தார்கள். என் பெயரை வைத்து அவர் இதைச் சொல்வது புதிதில்லை, புதிய ஆள் யார் வந்தாலும் சொல்வார், இந்தத் தடவையும் அதே இடத்தில் அதே சிரிப்பு. எனக்குக் கால் ஆடவில்லை. ஆடுவது நின்றுவிட்டதா, ஆடுவது தெரியவில்லையா, கீழே பார்க்கவில்லை.

அவர்களுக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லிவிடவில்லை. அது ஷெட் என்று எல்லோருக்கும் தெரியும், மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் வெளியே என்று தெரியும், நாதமுனியின் சொந்த ஊரே அந்தப் பக்கம்தான், அவருடைய அண்ணன் மனைவி உரிக்கப் போகிறாள். தெரியாமல் இருந்தால் சொல்லிப் புரிய வைக்கலாம். தெரிந்தும் முதல் வரியைப் போடுகிறவரை என்ன செய்வது. இணை இயக்குநர் எரிச்சலோடு, ஆனால் மரியாதையாகச் சொன்னார், கூலிக்கு உடைத்தால் விவசாயம்தான், விதி அப்படி, யாருடைய பொருள் என்பதுதான் கேள்வியே தவிர யாருடைய கை என்பது கேள்வி இல்லை. கை என்ற சொல்லை அவராகவே சொன்னார். நான் உட்காரவில்லை. உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், சொன்னாலும் உட்காரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன், கொளஞ்சியின் நாக்கு மாதிரி, போதும் என்ற பிறகும். கடைசியில் நாதமுனிக்கே பொறுக்கவில்லை, பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. ‘சார், ஆட்சேபணைன்னே எழுதிக்கிறேன். விதிப்படி கடிதம் போட்டுடலாம்’ என்றார். இணை இயக்குநர் தோளைக் குலுக்கினார். ‘போடுங்க. கடிதம் வந்த அன்னிக்கே பதில் போட்டுடறேன், விவசாயம்னு. வாயால சொன்னா செல்லாது, காகிதம் வரணும். மெயில்ல போட்டா எங்க செக்ஷன்ல எவனும் பிரிக்க மாட்டான், தபால்லயே அனுப்புங்க.’ இரண்டு கைகளையும் தட்டித் துடைத்துக்கொண்டார், விஷயம் முடிந்தது. எனக்கும் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு சீட்டின் வேலையில் வாய் வைத்து, கிடைத்தது என்ன, போகிற தபாலும் வருகிற தபாலும் ஆகிற காலம், நாலு நாளோ ஒரு வாரமோ. ஏடு அச்சுக்குப் போவதற்குள் பதில் வந்துவிடும். உட்கார்ந்தேன். என் பங்குக்கு வந்த இரண்டு பஜ்ஜியையும் தின்றேன், நல்ல பசி, அதுவும் கேவலமாக இருந்தது. ‘அறுபத்தி ஏழு’ என்றார் நாதமுனி.

வரிகள் முடிந்தன, நன்றியுரை முடிந்தது, வேட்டியை அவிழ்த்தார்கள். இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று கடிதம் அச்சாகும்வரை காத்திராமல் இணை இயக்குநர் காரில் ஏறினார், நாதமுனி கதவைச் சாத்திக்கொடுத்துக் கை கூப்பினார். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்து முத்திரை மை டப்பாவின் மீது விழுந்திருந்தது. சற்று நேரத்தில் நாதமுனி அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார், கையெழுத்து ஈரம் காயாமல். ‘இன்னிக்கே போயிடணும்க்கா, உங்க ஆட்சேபணைதான’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கடிதத்துக்கு அனுப்புகை எண் போட்டேன். முத்திரை வைத்தேன். மடித்து உறையில் போட்டேன், மூலைகள் சேர்கிற மாதிரி, என் மடிப்பு ஒருநாளும் கோணினதில்லை. பசை தடவினேன். தபால்தலையை ஒட்டினேன். இந்த அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்கு எண் போட்டாயிற்று என்றால் அது போயாயிற்று. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அங்கே வரவில்லை என்பார்கள், இங்கே அனுப்பிவிட்டோம் என்பார்கள், அவர்கள் உள்வரவில் தேடச் சொல்வார்கள், இவர்கள் அனுப்புகை எண்ணைச் சொல்வார்கள், இரண்டு பக்கமும் தாங்கள் சரி என்று நிரூபித்து ஓய்ந்துபோவார்கள், கடிதம் எங்கே என்று எழுந்து போய்ப் பார்க்க இரண்டு பக்கத்திலும் ஒரு பிறவி கிடையாது. எத்தனை வருஷம் இதைப் பார்த்துப் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறேன், மனதுக்குள். வேறு சீட்டுகளில் கடிதங்கள் ஊறும், மட்கும், கரப்பான் தின்னும். என் சீட்டில் ஒரு கடிதம் இரவு தங்கியதில்லை. அது ஒன்றை வைத்துக்கொண்டுதான் இவர்களையெல்லாம் எனக்குக் கீழே உட்கார வைத்திருந்தேன்.

தபால் பெட்டி வாசலில், வேப்ப மரத்தடியில், சிவப்பாக, என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. உறை கையில் கனமே இல்லை. இதைப் போட்டால் நான் நான்தான், கொளஞ்சி விவசாயி. விவசாயி என்றால் ஒரு குழி நிலம் வேண்டாமா, அவளிடம் ஒரு முருங்கைக் கன்று கூட இல்லை. போடாவிட்டால் பழைய எண்ணே நீடிக்கும், ஏடு அச்சாகும், நீலக் கதவு திறக்கும். திறந்த பிறகு மூட வேண்டும் என்றால் ஒரு ஆணை வேண்டும், ஆணைக்குக் கோப்பு வேண்டும், கோப்புக்கு ஒரு சீட் வேண்டும், அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவர் மதியம் தூங்காதவராக இருக்க வேண்டும், நான் பயப்பட அதில் ஒன்றும் இல்லை. இத்தனை காலம் நான் வெறுத்த சோம்பேறித்தனம் முழுவதும் நாளையிலிருந்து எனக்காக வேலை செய்யப்போகிறது, என்னைத் தெரியாமலே. கண்டுபிடித்தால் வேலை போகும், ஓய்வூதியம் போகும். கண்டுபிடிக்க ஒருவர் இந்த மேசையின் இழுப்பறையைத் திறக்க வேண்டும், அது என் சீட், இந்த அலுவலகத்தில் ஒரு சீட்டின் இழுப்பறையை இன்னொரு சீட் தொடாது. அந்த நல்ல வழக்கத்துக்கு முதல் தடவையாக ஒரு கும்பிடு போட்டேன், போடும்போதே அருவருப்பாகவும் இருந்தது. நாதமுனியும் இப்படித்தான் ஏதோ ஒரு நாள், யாரோ ஒருவருக்காக, ஒரு நல்ல காரணத்தோடு முதல் வரியைப் போட ஆரம்பித்திருப்பாரோ. இல்லை. நாதமுனிக்குக் காரணம் வேண்டாம். அவரை அவ்வளவு சீக்கிரம் பக்கத்தில் உட்கார விட முடியாது. இருந்தாலும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார், தெரிகிறது.

உறையை இழுப்பறையில் பசை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நேராக வைத்தேன், ஓரம் ஓரத்தோடு சேர. பூட்டினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது கொளஞ்சி போன் பண்ணினாள், இடது கையால் பிடித்துப் பேசுகிறாள் என்பது குரல் விலகி விலகி வருவதில் தெரிந்தது. பின்னால் சுத்திச் சத்தம். என்னாக்கா ஆச்சு என்று கேட்டாள். பழைய நம்பரேதான் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை.

‘அப்ப தொறப்பாங்களாக்கா?’

‘தொறப்பாங்க. தெனம் போய்க் கட்டு மாத்திக்க. ஒரு நாள் கூட விடாத.’

போனை முகத்திலிருந்து விலக்கி ஷெட்டில் எல்லோருக்கும் சொல்கிறாள், நம்பரைக் காப்பாத்திட்டாங்க எங்கக்கா, எழுந்து நின்னு பேசினாங்களாம் என்று. எழுந்து நின்றதாக நான் அவளிடம் சொல்லவே இல்லை. சித்திரையில் எனக்கு ஓய்வு. அதுவரைக்கும் சாவி என் இடுப்பில். அதற்குள் ஒரு விரல் ஆறிவிடும்.